லேமினேட் செய்த வாரண்ட்

பிள்ளைகளே, இலவசமாக எது வந்தாலும் உங்கள் அப்பாவுக்கு மூளை வேலை செய்யாது. இதை நானே எழுதிவிடுகிறேன். உங்கள் அம்மா எழுதினால் இன்னும் நீளும்.

அப்போது மலாக்கா பக்கம் குருபோங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்கச் சமையலறைக்குக் கூரை போட ஆறாயிரம் வெள்ளி சேர்த்திருந்தோம். மழை வந்தால் அம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாகத் தோசை சுடுவாள். அந்தப் பணத்தில் ஒரு சின்னக் கம்பெனியின் பங்குகளை, பங்குக்கு அறுபது காசு வீதம், பத்தாயிரம் வாங்கினேன். கூட வேலை செய்த மணியம் சொன்ன யோசனை. (மணியம் வாங்கவில்லை. ஏன் என்று கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.)

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. இரண்டு பங்குக்கு ஒரு வாரண்ட், இலவசம்! ஒரு வாரண்டோடு ஐம்பது காசு கட்டினால் ஒரு புதுப் பங்கு கிடைக்கும், குறிப்பிட்ட தேதிக்குள். இல்லையென்றால் வாரண்டையே சந்தையில் விற்கலாம். அப்போது ஒரு வாரண்டின் விலை இருபது காசு. எனக்கு வந்ததோ ஐயாயிரம்.

நான் விற்கவில்லை. மலாக்கா டவுனுக்குப் போய் அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து, மஞ்சள் குங்குமம் வைத்து, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தேன்.

“ஆயிரம் வெள்ளி வருதுலா! வித்துட்டு அடுப்புக்கு மேலயாவது கூரை போடுங்களேன்,” என்றாள் அம்மா.

“வீட்டுக்கு வந்த லட்சுமிய யாராச்சும் விப்பாங்களா?”

அம்மா குடையை விரித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அதன்பின் பங்கு விலை இறங்கியது. கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்டது. நம்மைப் போன்றவர்களைக் கேட்காமல், தாங்களே தேர்ந்தெடுத்த சிலருக்குப் புதுப் பங்குகளைச் சந்தை விலைக்கும் கீழே விற்றார்கள். இதைத்தான் தனியார் ஒதுக்கீடு என்கிறார்கள். நியாலாஸ் எஸ்டேட் திருவிழாவில் ஒரு கிடாவை வெட்டிவிட்டு, பாதிப் பந்தியில் இன்னும் ஐம்பது பேரை உட்காரவைப்பது போல. வந்தவர்களும் கொஞ்சம் அரிசி கொண்டுவந்தார்கள்தான். ஆனால் நம் இலையில் கறி குறைந்துபோனது.

எனக்கோ ஒரே பெருமை. “பெரிய ஆளுங்கல்லாம் உள்ள வராங்க, மணியம்!”

“எவ்ளோவுக்கு வராங்க?”

“முப்பத்தெட்டு காசு.”

“நீ எவ்ளோவுக்கு வந்த?”

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

மறுபடியும் ஒதுக்கீடு, மறுபடியும் இறக்கம். பங்கு பதினைந்து காசுக்கு வந்துவிட்டது. இன்னொரு கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிப் பிரிப்போம் என்று அதையும் சாமி மேடையில் வைத்தேன். இரண்டு வெள்ளிக்கிழமை வேலையிலேயே போனது. கடைசியில், கவிதா, நீதான் பிரித்தாய்.

“அப்பா, வாரண்ட் போன வாரமே எக்ஸ்பயர் ஆயிடுச்சுலா! இத்தன நாளா எதுக்குப் பூ வச்சீங்க?”

முன்பே பிரித்திருந்தாலும் பயனில்லை. பதினைந்து காசுப் பங்கை ஐம்பது காசு கட்டி யார் வாங்குவார்? விற்க வேண்டிய காலத்தில் நான் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா லேமினேட் கடிதத்தை எடுத்துப்போய், மழை விழும் இடத்தில் இருந்த உப்பு ஜாடிமேல் வைத்தாள்.

“ஆறாயிரம் வெள்ளிக்கு இவ்ளோதான் கூரை.”

நிஜக் கூரையை இரண்டு வருட ஓவர்டைமில் போட்டேன். ஜாடிமேல் கடிதம் இன்னும் இருக்கிறது. பால் கெட்டுப்போனாலும் நீங்கள் விடுவதில்லை: “அப்பா, பால் வாரண்ட் ஆயிடுச்சு!” நானும் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்க்கிறேன்.