தொடையில் தட்டாத ஊரிலிருந்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நான் நலம். தாங்களும், தங்கள் மருமகளாகிய என் மகளும், மாப்பிள்ளையும், பேரனும் நலமாயிருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஓய்வுபெற்ற நூலகனுக்கு அறுபத்தேழு வயதில் வெளிநாட்டுப் படிப்பு எதற்கு என்று கேட்டீர்கள். பதில் இன்னும் தெரியவில்லை. இக்கடிதம் மன்னிப்புக் கேட்பதற்கு. போனில் சொல்ல நா எழவில்லை.

சனிக்கிழமை மாலை வகுப்புத் தோழி ஒருத்தி, "வாங்க சார், ஒருத்தர் மேடையில நின்னு ஜோக் சொல்வார், சிரிச்சுட்டு வரலாம்" என்றாள். ஒரு மணி நேரம் முன்பே போய், முதல் வரிசையில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்துத் தேதி போட்டேன். வாசலில் என் போனை வாங்கி ஒரு பையில் போட்டுப் பூட்டியே தந்தார்கள். வயதானவர் தொலைத்துவிடுவார் என்ற அக்கறை போலும் என்று இருமுறை நன்றி சொன்னேன். மேடைக்காரர் வேகமாகப் பேசினார். எல்லாரும் சிரிக்கையில் நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டார். அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: "பெரியவரே, என்ன எழுதுறீங்க? வரி ஆபீசா?" கேள்வி கேட்டால் எழுந்து நிற்பவனல்லவா நான், எழுந்து நின்றேன். அதற்கே சிரித்தார்கள். "இல்லைங்க, உங்க ஜோக்கைத்தான். ரூமுக்குப் போய்ப் புரிஞ்சுக்கலாம்னு." இன்னும் சிரித்தார்கள். "அப்போ இங்க ஒண்ணுமே புரியலையா?" அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "எங்க சிரிக்கணும்னுதான் தெரியலைங்க. எங்க சம்பந்தி ஜோக் சொன்னா, முடிஞ்சதும் என் தொடையில ஓங்கி ஒண்ணு தட்டுவார். உடனே சிரிச்சுடுவேன். பதினோரு வருஷமா அப்படித்தான்." கூடமே அதிர்ந்தது. தங்கள் ஜோக் ஒன்றைச் சொல்லியே ஆகணும் என்றார் மேடைக்காரர். தங்கள் பல் டாக்டர் கதையை ஆரம்பித்தேன். கடைசி வரி வரவில்லை, சம்பந்தி! எப்படி வரும்? நான் எப்பவும் உங்க கையைத்தானே பார்த்துக்கிட்டிருப்பேன், கதையையா கேட்டேன்? வேறு வழியின்றி என் தொடையில் நானே தட்டினேன். முந்நூறு பேரும் அவரவர் தொடையில் தட்டிக்கொண்டார்கள்.

கூட்டத்தில் யாராவது எடுத்திருப்பார்கள், இந்நேரம் வீடியோவாக மாப்பிள்ளை போனுக்கு வந்திருக்கும், தாங்களும் பார்த்திருப்பீர்கள். என் சிரிப்பு பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனா தினமும் ஆறு மணிக்கு முகம் கழுவிட்டு உங்க ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காத்திருந்தது பொய்யில்லை. இங்கே ஆறு மணிக்கு யாரும் வருவதில்லை. தொடை வலிக்கவில்லை, அதுதான் ஒரு மாதிரியாக இருக்கிறது.

திரும்பி வந்தால் தங்கள் வாசல் ஏறலாமா என்று ஒரு வரி எழுதவும். சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். பேரனுக்கு என் ஆசிகள்.

தங்கள் அன்புக்கு இன்னும் உரியவனா என்று தெரியாத,
சம்பந்தி

பி.கு.: (உறையின் பின்புறம் எழுதுகிறேன், வழக்கம்போல் இரண்டு பூச்சு பசை தடவி ஒட்டிவிட்டேன், தபால்தலையும் ஒட்டியாயிற்று.) இப்போதுதான் அந்தத் தோழி சொன்னாள், அன்று எல்லார் போனையும் பூட்டினார்களாம். வீடியோ என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே உள்ளே விசேஷம் ஏதுமில்லை, தயவுசெய்து பிரிக்க வேண்டாம். பல் டாக்டர் கதையின் கடைசி வரியை மட்டும் எழுதி அனுப்பவும்.