ஏழாம் அறையில் துண்டு இல்லை

வாழ்க, பிழைபொறாப் பெருந்தகை! முப்பத்தோராண்டு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, ஆயிரமாயிரம் தாள்களில் பதுங்கியிருந்த எழுத்துப்பிழைகளைத் தேடித் தேடி மாய்த்த மாவீரர் வாழ்க! ஒரு 'க்' விடுபட்டால் உறக்கம் கெடுபவர், ஒரு 'ச்' மிகுந்தால் உணவை ஒதுக்குபவர், சட்டைப்பையில் செருகிய சிவப்புப் பேனாவையே செங்கோலாகத் தாங்கியவர், ஒற்றுக்காகவே வாழ்ந்த காரணத்தால் உடன் வேலை செய்வோரால் முகத்துக்கு முன் மரியாதையாகவும் முதுகுக்குப் பின் வேறு மாதிரியாகவும் 'ஒற்றையா' என்று அழைக்கப்பட்டவர், அத்தகையவர் ஒரு துண்டுக்காக நடத்திய பெரும்போரைச் சொல்லப் புகுகிறோம். துண்டு என்றதும் நிலத்தையோ நாட்டையோ நினைக்க வேண்டாம். குளித்தால் துவட்டிக்கொள்வோமே, அந்தத் துண்டு.

பொறுமை என்னும் பெருந்தெய்வமே, எம் நாவில் வந்து அமர்வாயாக! இந்தக் கதையில் உனக்கு வேலை அதிகம். கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடு.

போர் மூண்ட காரணத்தைக் கேளுங்கள். போர் நடந்த ஊரில் ஒற்றையாவின் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. அங்கே எப்போது போனாலும் தங்குவது அந்தத் தம்பி வீட்டில்தான். இருபத்தாறு ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. மச்சான் நல்லவர். தெருமுனைக்கே வந்து பெட்டியை வாங்குவார், வெந்நீர் போட்டு வைப்பார், தன் கட்டிலை விட்டுக்கொடுத்துத் தரையில் படுப்பார். குறை சொல்ல ஓர் ஒற்று அளவுகூட இடம் வைக்க மாட்டார். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒரு மெய்ப்புத் திருத்துநர் எத்தனை முறைதான் தங்குவார்? இந்த ஒரு தடவையாவது, தானே தேடிப்பிடித்த இடத்தில் மனைவியைத் தங்கவைத்து, 'பரவாயில்லையே, உங்களுக்கும் இதெல்லாம் தெரியுதே' என்று அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். பாவம், ஆசைதான்.

தேடிப்பிடித்த விதத்தில்தான் வினை இருந்தது. அதே ஊரில் முந்நூறாண்டுப் பழமை வாய்ந்த விடுதி ஒன்றின் விளம்பரக் கையேடு அவருடைய அச்சகத்துக்கே வந்திருந்தது. பதினாறு பக்கங்களை மும்முறை படித்தார். பிழை ஒன்றுகூடச் சிக்கவில்லை. 'மன்னர்களும் மாலுமிகளும் இளைப்பாறிய மாளிகை' என்ற வரியில் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் ஆசனத்தில் அழகாக அமர்ந்திருந்தது. இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவன் பொய் எழுத மாட்டான் என்று நம்பிவிட்டார். புறப்படும்போது மனைவி பெட்டியில் வைத்த இரண்டு துண்டுகளையும் வெளியே எடுத்துப்போட்டு, மன்னர் தங்கிய இடத்துக்கு யாராவது துண்டு தூக்கிக்கொண்டு போவார்களா என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவள் நாக்கு நுனியில் நான்கு சொற்கள் தயாராக நின்றன: 'பேசாம தம்பி வீட்டுக்கே போயிருக்கலாம்.' அந்த நான்கு சொற்களை வெளியே வரவிடாமல் இரண்டு நாள் காப்பதே நம் தலைவர் முன்னிருந்த கடமை.

அந்த மாளிகையின் மாண்பை என்னென்பது! யானை நுழையும் வாயில். பூனை நுழைந்தாலும் அலறும் கதவு. சிங்கக் கால்கள் முளைத்த குளியல்தொட்டி. சிங்கத்துக்கு ஒரு கால் போய்விட்டதால் அந்த மூலைக்கு ஒரு செங்கல். தொட்டால் கையோடு வந்துவிடும் பித்தளைத் தாழ்ப்பாள். சுவரில் மகுடம்போல் வீற்றிருந்த தொலைபேசி. ஒயர் மட்டும் கிடையாது. ஏழாம் அறை முழுவதற்கும் உயிருள்ள பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில். வந்திறங்கிய மாலையே ஒற்றையா குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைக்க, வரவேற்பு மேசையில் கொலுவீற்றிருந்த இளைஞர் அத்தனைக்கும் ஒரே விடை அருளினார்: "அது பாரம்பரியம் சார்." தாழ்ப்பாள் பாரம்பரியம். செங்கல் பாரம்பரியம். தலையணை உறையில் முன்பு தங்கியவரின் தலை விட்டுச்சென்ற எண்ணெய் வட்டமும் பாரம்பரியமே. ஒற்றையா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மனைவி தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

பொழுது புலர்ந்தது. மனைவி கைபேசியைக் கண்ணாடி ஓரம் சார்ஜில் போட்டுவிட்டுத் தலைக்குக் குளிக்கத் தொடங்கினாள். நீர் விழும் ஓசை பெருகிற்று, தணிந்தது, நின்றது. பிறகு, மன்னர்களின் குறட்டையைக் கேட்டிருந்த அந்த மதில்கள் நடுங்க, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏங்க, துண்டு எங்க?"

கட்டிலின் மேலே தேடினார், கீழே தேடினார், அலமாரியைத் திறந்து அங்கிருந்த ஒரே ஒரு ஹேங்கரை விசாரித்தார். இல்லை. ஒரு நிமிடம் பொறு என்று கதவுக்குச் சொல்லிவிட்டு, மலையுச்சியிலிருந்து பாயும் காட்டாறென நாற்பத்தோரு படிகளையும் பாய்ந்து இறங்கினார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. இறங்கி, வரவேற்பு மேசையின் முன் நின்று, தம் வாழ்வின் மிகப் பெரிய பிழையைச் செய்தார்.

"ஏழாம் ரூம்ல துண்டு இல்ல."

பிறர் எழுதிய வாக்கியத்தில் இரண்டு பொருள் வந்தால் அச்சகமே அதிரச் சினப்பவர், தன் வாக்கியத்தை ஒருமுறை திருப்பிப் படித்துப் பார்க்கவில்லை. இளைஞர் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஒற்றையா நாற்பத்தோரு படி ஏறினார். பத்து நிமிடம் சென்றது. கதவுக்குப் பின்னாலிருந்து "குளிருதுங்க" என்று கேட்டது. மீண்டும் நாற்பத்தோரு படி இறங்கினார்.

"சொல்லியாச்சு சார்" என்றார் இளைஞர்.

எந்த நாட்டுப் பெரும்படையாலும் தகர்க்கவொண்ணாக் கோட்டை ஒன்று உலகில் உண்டென்றால், அது 'சொல்லியாச்சு' என்னும் இந்த ஒற்றைச் சொல்தான். யார் சொன்னது? எழுவாய் இல்லை. எதைச் சொன்னது? செயப்படுபொருள் இல்லை. கேட்டவர் என்ன செய்தார்? அது அந்தச் சொல்லின் எல்லைக்கே வெளியே கிடக்கிறது. வேலை நடக்கவில்லை, வினை மட்டும் முற்றுப்பெற்றுவிட்டது. இலக்கணம் கற்ற ஒற்றையாவுக்கே அதில் ஏறிக் குதிக்க ஓர் ஓட்டை அகப்படவில்லை. யாரிடம் சொன்னாய் தம்பி என்று மட்டும் கேட்டார். துணியறையைச் சுட்டியது இளைஞரின் விரல். கண் கைபேசியை விட்டு அகலவில்லை.

படிக்கட்டின் அடியில் இருந்தது துணியறை. கம்பிக் கதவுக்குள், ஐயகோ, வெள்ளை வெளேரென்று, கூரை தொட அடுக்கிய துண்டுகள்! ஐம்பது இருக்கும், அறுபதும் இருக்கும். ஒரு முகத்தையும் துடைத்தறியாத கன்னித் துண்டுகள்! அவற்றைக் காத்து நின்ற துணியறைக்காரர், கையில் தடித்த பேரேடு ஒன்றுடன், திருடனைப் பார்க்கும் கண்ணால் நம் தலைவரைப் பார்த்தார்.

ஏழாம் அறையில் துண்டு இல்லை என்ற செய்தி அவருக்கு ஒழுங்காகவே வந்து சேர்ந்திருந்தது. இருந்த துண்டு இப்போது இல்லை என்று அவர் அதைக் கொண்டார். காணவில்லை என்று பேரேட்டில் ஏற்றியும்விட்டார். பழைய துண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதுத் துண்டு, அது அந்த விடுதியின் சட்டம். ஒற்றையா அவருக்கு விளக்கினார். இருந்து இல்லாமற்போவது ஒரு வகை இன்மை, பிறந்ததிலிருந்தே இல்லாதிருப்பது இன்னொரு வகை இன்மை, தாம் முறையிட்டது இரண்டாவது இன்மையை என்று கை நீட்டி, குரல் உயர்த்தி, எடுத்துக்காட்டுகளுடன் கால் மணி நேரம் முழங்கினார். துணியறைக்காரர் முழுவதும் கேட்டார்.

"அதெல்லாம் சரி சார். இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

இந்த முழக்கம் கேட்டு வரவேற்பு மேசை இளைஞரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அவருக்குப் பின்னால், கழுத்தில் டையும் கண்ணில் தூக்கமுமாக மேலாளர் எழுந்தருளினார். மன்னர்கள் வந்து போன இடம் இது என்றும், முந்நூறு ஆண்டுகளில் இங்கே ஒரு துண்டுகூடத் தொலைந்ததில்லை என்றும் அவர் பிரகடனம் செய்தார். ஒற்றையாவுக்கு அந்தக் கணத்தில் உண்மை விளங்கிற்று. தொலையாமல் என்ன செய்யும்? கொடுத்தால்தானே தொலைவதற்கு! மன்னர்களும் மாலுமிகளும் இங்கே ஈரம் சொட்டச் சொட்ட நின்றுதான் வரலாற்றில் இடம் பிடித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் மேலாளர், "வாங்க, ரூம பார்த்துடலாம்" என்று படியேறத் தொடங்கிவிட்டார்.

ஏறிற்று நால்வகைப் படை: முன்னே மேலாளர், பின்னே பேரேடு ஏந்திய துணியறைக்காரர், அதன் பின்னே இளைஞர், எல்லோருக்கும் கடைசியில் மூச்சு வாங்க ஒற்றையா. மனைவி இன்னும் கதவுக்குப் பின்னால் நனைந்து நிற்கிறாளே என்ற நினைப்பில், கொஞ்சம் நில்லுங்கள் என்று கீழிருந்து கத்திக்கொண்டே வந்தார். யாரும் நிற்கவில்லை. மேலாளர் கதவைத் தட்டினார். உடனே திறந்தது.

மனைவி புடவை கட்டி, தலை சீவிக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் மச்சான் உட்கார்ந்திருந்தார். நாற்காலி முதுகில் நீலக் கோடு போட்ட ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி ஓரத்துக் கைபேசியில் அவள் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறாள். தம்பி ஸ்கூட்டரில் வந்து, ஆளில்லாத வரவேற்பு மேசையைக் கடந்து, கதவிடுக்கில் துண்டை நீட்டிவிட்டு, அக்கா கூப்பிடும்வரை வெளியே நின்றிருக்கிறார். முந்நூறாண்டுப் பாரம்பரியம் நாற்பத்தோரு படி ஏற்றித் தராத துண்டை, ஊரின் மறுகோடியிலிருந்து அவர் கொண்டுவந்துவிட்டார்.

"கெடச்சிடுச்சு சார்" என்றார் துணியறைக்காரர், நாற்காலியைப் பார்த்து.

அது தன் வீட்டுத் துண்டு என்றார் மச்சான். விடுதித் துண்டு வெள்ளை, இது நீலம் என்றாள் மனைவி. நிறம் எதுவானாலும் அறையில் இருந்த துண்டு அறைத் துண்டுதான் என்று மேலாளர் தீர்ப்பளித்தார். துணியறைக்காரர் அங்கேயே பேரேட்டை விரித்து எழுதி, ஒற்றையாவின் முன் நீட்டினார். எல்லோர் கண்களும் நம் தலைவர் மேல் நிலைத்தன. மனைவி சீப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இதோ, முப்பத்தோராண்டுச் சினமும் திரண்டெழும் வேளை! இதோ, இருபத்தாறாண்டுக் கணவன் தன் மனைவி முன் சிங்கமாகும் வேளை! சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா உருவப்பட்டது. விழிகள் கனன்று பேரேட்டில் பாய்ந்தன. அங்கே எழுதியிருந்தது: 'துன்டு காணவில்லை. துன்டு கிடைத்துவிட்டது.'

துன்டு! றன்னகரம்! டகரத்துக்கு முன்னே, வெட்கமில்லாமல், றன்னகரம்! அக்கணமே மச்சான் மறைந்தார், மனைவி மறைந்தாள், நீலக் கோடும் மேலாளரின் டையும் மறைந்தன. அண்டம் முழுவதிலும் அந்த இரண்டு 'ன்' தவிர வேறொன்றும் இல்லை. ஒற்றையா பாய்ந்தார். இரண்டையும் வட்டமிட்டார், அடித்தார், மேலே 'ண்' நட்டார், அச்சகத்து வழக்கப்படி ஓரத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டார். போட்ட பிறகுதான் நிமிர்ந்தார்.

துணியறைக்காரர் மையை ஊதிக் காயவைத்தார். "ஒத்துக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டீங்க. அது போதும் சார்." நீலக் கோட்டுத் துண்டை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார்; மற்ற இருவரும் கடமை முடிந்த முகத்துடன் பின்தொடர்ந்தனர்.

மனைவி அந்த நான்கு சொற்களைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது ஒற்றையாவுக்கு. அவள் கைபேசியைச் சார்ஜிலிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டாள். மச்சான் எழுந்து, "விடுங்கத்தான், வீட்ல இன்னும் நாலு இருக்கு" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாடு மச்சான் வீட்டில்.