பொதுமக்கள் பார்வைக்கு

பொன்னை அள்ளிக் கொடுத்தவர்களை உலகம் கண்டிருக்கிறது. சொந்த வீட்டுச் சமாசாரத்தை அள்ளிக் கொடுத்த வள்ளல் என்றால், குடிநீர் அலுவலகத்தில் குழாய்க் கசிவுப் பிரிவின் மேற்பார்வையாளர் ஒருவர்தான். தெருக்குழாயில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டு விஷயம் மட்டும் சமூக வலைத்தளத்தில் மடை திறந்து ஓடும். மனைவியின் சர்க்கரை அளவு, புது பீரோ, 'குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம்' என்ற அறிவிப்போடு பூட்டிய கதவின் படம் என எதையும் 'பொதுமக்கள் பார்வைக்கு' வைக்காமல் விட்டதில்லை.

பரீட்சைப் பரபரப்பில் சாப்பிடாமல் கிளம்பிய ஒரே மகள் வாசலில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளிக்கும் முன்பே படம் எடுத்துவிட்டார். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் ஏறும் குளுக்கோஸ், மருந்துச் சீட்டு. 'மகளுக்கு அடிக்கடி மயக்கம். பிரார்த்தியுங்கள்.' 'அடிக்கடி' என்பது இலக்கிய நயத்துக்காகச் சேர்த்தது.

படிப்பை முடித்த மகள் மருந்துக் கம்பெனி ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். எல்லாக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில். கடைசியில் அதிகாரி தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார்.

"இந்த மயக்கம் இன்னும் வருதாம்மா?"

"அன்னிக்குச் சாப்பிடல சார். அந்த ஒரு தடவைதான்."

"அப்பாவே அடிக்கடின்னு எழுதியிருக்காரே. சரி, சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்பினார்கள், வேறு ஒருத்திக்கு.

"அதை எடுத்துடுங்கப்பா," என்றாள் மகள்.

"எப்படிம்மா எடுக்கிறது? அத்தனை பேர் கும்பிட்டிருக்காங்க."

'மகளுக்கு வேலை கிடைக்கவில்லை, மனம் கனக்கிறது' என்று அவர் போட்டதற்கு, மயக்கத்துக்கு வந்ததைவிட அதிகக் கும்பிடு வந்தது.

சில மாதம் கழித்து ஒருநாள், வீடு திரும்பியவர் மகளின் அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்தார்.

"வேலை கிடைச்சுப் போயிட்டா," என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எந்த ஊரு? என்ன கம்பெனி?"

"நல்லா இருக்கா."

"பெத்தவன் கேக்கிறேன். எங்க இருக்கா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா. நல்லா இருக்கான்னு சொல்றேன்ல. வேணும்னா அதைப் போட்டுக்குங்க."

நாற்காலியில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், விரல் தானாகவே போட்டது: 'மகள் நலம்.'

அடுத்த நிமிடமே ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள்: 'எங்கே சார் இருக்காங்க?'

ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவருக்குச் சொல்லாமல் வைத்த விலாசத்தை, ஊரே அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது.