குவான்யின் வயிற்றில் இருந்த சீட்டு

பெருமதிப்பிற்குரிய தெஹாய் மாமாவுக்கு, ஷியூச்சின் வணங்கி எழுதுவது.

கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போனில் பேசினால் அத்தை ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்தால்தான் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

எங்கள் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய நம் வீட்டுக் கருணைத் தாய் குவான்யின் சிலையை நேற்று ஆராய்ந்தார்கள். என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று இந்த மாதக் கடைசியில் முடிவு செய்யப்போகும் கெ ஐயாவே வந்தார். லென்ஸ் வைத்து, வெண்கல அங்கியின் ஓரத்தில் முடியளவு வெள்ளிக் கம்பியால் பதித்த அலைகளைப் பார்த்து, "அடேயப்பா, மிங் காலத்து வேலை மாதிரி இருக்கே!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிலையின் அடித்தட்டை யாரும் திறந்ததே இல்லை என்று படிவத்தில் எழுதிக் கொடுத்ததும் நான்தான், நீங்கள் சத்தியம் செய்தீர்களே என்று. பிறகு சிலையைத் திருப்பினார், தட்டைச் சுற்றிலும் உளித் தடம், அதன்மேல் சைக்கிள் பஞ்சர் பசை, விரல் பட்டதும் தட்டு கையோடு வந்துவிட்டது, உள்ளே பிரதிஷ்டையின்போது வைத்த சூத்திரச் சுருள், நெல்மணி, ஐந்து நிற நூல், அதற்கெல்லாம் மேலே கோடு போட்ட நோட்டுத் தாள், அதில் உங்கள் கையெழுத்து, அதை ஐயா எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார்: "தாயே, எங்க ஷியூச்சின் காலேஜ் பரீட்சையில பாஸாயிட்டா, இந்த தெஹாய் இனிமே சாராயத்தத் தொடமாட்டான்."

ஐயா என்னைப் பார்த்தார். "பாஸானியாம்மா?"

"ஆனேன் ஐயா."

"அவர் விட்டாரா?"

தரை துடைத்துக்கொண்டிருந்த சாய் அக்கா, "விட்டிருந்தா இந்தப் பொண்ணு ஏன் இப்படி முழிக்குது?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். படிவத்தைக் கையில் எடுத்தபோது ஐயா மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றுப் பொருள்களைத் திரும்ப வைக்காமல் தாயை வீட்டுக்கு அனுப்பக்கூடாதாம், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் உள்ளே வைத்து அடித்தட்டை மூடுகிறார்கள். மாமா, நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: பழஞ்சிலையின் தட்டை உளியால் நெம்புவது பெருந்தவறு. இனி அதை யாரும், யாருக்காகவும், எதற்காகவும் தொடக்கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். தாயின் கருணை உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

பணிவுடன்,
ஷியூச்சின்

பி.கு.: வெள்ளிக்கிழமைக்குள் இன்னொரு சீட்டு எழுதி அனுப்ப முடியுமா மாமா? என் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று. உங்கள் கையெழுத்தில்தான் வேண்டும், அது ஒருமுறை பலித்திருக்கிறது. ஆனால் பழைய வாக்கு அப்படியே கிடந்தால் தாய் புதியதைக் காதில் வாங்கமாட்டாள். அதனால், எழுத உட்காரும் முன், தயவுசெய்து சாராயத்தை விட்டுவிடுங்கள்.