வலது பக்கத்து ஸ்டார்

"ஸ்டார் வலது பக்கம் இல்லேன்னா நான் காதுகுத்துக்கு வரமாட்டேன்கா," என்றான் தம்பி தமிழ்மணி போனில்.

நிர்மலா தையல் மெஷின் பெடலிலிருந்து காலை எடுத்தாள். ஊசி பாதித் துணியில் நின்றது.

"எந்த ஸ்டாருடா?"

"யூனிஃபார்ம் ஸ்டாரு. நெஞ்சுல வலது பக்கம் வரணும். மாமா இடது பக்கம்னு குரூப்புல போட்டிருக்காரு. தப்பான சட்டைய மாட்டிக்கிட்டு நான் காவியாவ மடியில வெச்சு உக்காந்தா, படம் பாத்தவன் எவனாச்சும் என்னை மதிப்பானா?"

"ஞாயித்துக்கெழமை காதுகுத்துடா. இன்னைக்குப் புதன்."

"அதுக்குத்தான் இன்னைக்கே சொல்றேன்," என்று போனை வைத்துவிட்டான்.

பாப்பிரெட்டிப்பட்டியில் தாய்மாமன்கள் கோபித்துக்கொள்வது ஒன்றும் புதுசு இல்லை. பத்திரிகையில் பெயர் சின்னதாகப் போட்டதற்கு, மாலையில் ரோஜா குறைந்ததற்கு, பந்தியில் வடை வராததற்கு என்று ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். ஆனால் சினிமாவில் வருகிற விண்வெளிப் போலீசுக்கு ஸ்டார் எந்தப் பக்கம் என்று கோபித்துக்கொண்ட தாய்மாமன் இந்த ஜில்லாவிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

எல்லாம் அவள் புருஷன் குருவால் வந்த வினை. கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கிற மனுஷன், யூரியா வாங்க வருகிறவர்களிடம் கூட 'ரோந்துப்படை' படம் பார்த்தாச்சா என்றுதான் முதலில் கேட்பான். அது தமிழில் டப்பிங் செய்து வந்த வெளிநாட்டுப் படம். கேப்டன் ஜோரன் என்று ஒருத்தர் கருநீல யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிரகம் கிரகமாக ரோந்து போவார். அந்தப் படத்துக்குக் குரு ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறான். அதில் தமிழ்மணியோடு சேர்த்துப் பதினோரு பேர். விண்வெளியில் காற்றே இல்லாதபோது காலர் எதற்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஒரு வாரம் பேசினார்கள். பின்பாக்கெட் இல்லாத பேன்ட்டில் கேப்டன் பர்ஸை எங்கே வைப்பார் என்று மூன்று நாள் சண்டை போட்டார்கள்.

காதுகுத்துக்குப் பொம்பளைகள் எல்லாரும் ஒரே கலரில் யூனிஃபார்ம் சேலை எடுத்தபோது, நாங்களும் யூனிஃபார்மில் வருகிறோம் என்று குரு கிளம்பினான். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள் இருக்கிறாள், கேட்பானேன். பதினோரு சட்டையும் நிர்மலா தலையில் விழுந்தது.

சட்டை தைப்பது அவளுக்குப் பெரிதில்லை. தம்பி வராமல் போனால் என்ன செய்வது என்பதுதான் கவலை. அப்பா அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது தமிழ்மணி ஒருத்தன்தான். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தினால், புருஷன் வீட்டு ஆட்கள் மகள் காவியா கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதைவிட, அவன் வராத விசேஷத்தில் அவளால் ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

சாயங்காலம் குரு வந்ததும் காபி கொடுத்து மெதுவாக ஆரம்பித்தாள். "ஏங்க, அவனுக்கு மட்டும் வலது பக்கம் வெச்சுத் தெச்சுடட்டுங்களா?"

"என்ன பேச்சு பேசற நீ? நான் தர்மபுரியில மொத நாள் மொத ஷோ பாத்தவன். கடைய மூடிட்டுப் போனேன். ஸ்டாரு இடது பக்கம்."

"அவன் வலதுங்கறானே."

"அவன் என்ன சொல்றான் தெரியுமா? நான் பாத்தது திருட்டுப் பிரிண்டாம். மாட்டிக்கக் கூடாதுன்னு படத்தக் கண்ணாடியில காட்டற மாதிரி திருப்பிப் போட்டிருப்பாங்களாம், அதான் எனக்கு இடதா தெரியுதாம். என்னையப் பாத்து திருட்டுப் பிரிண்டுங்கறான் உன் தம்பி." குருவின் குரல் உடைந்தது. கல்யாணத்தன்று கூட அவன் இப்படிக் கலங்கி நிர்மலா பார்த்ததில்லை.

அன்றைக்கே குரூப் இரண்டாகப் பிளந்தது. இடது அணியில் ஆறு பேர், வலது அணியில் ஐந்து பேர். வியாழக்கிழமை காலையில் பதினோரு பேரும், கடையிலிருந்து குரு உட்பட, தனித்தனியாக நிர்மலாவுக்குப் போன் செய்து, ஸ்டாரைச் சரியான பக்கத்தில் வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

நிர்மலா யோசித்தாள். இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம் என்று நெஞ்சுக்கு நட்டநடுவில் ஸ்டாரை வைத்துத் தைத்து, தம்பிக்குப் போட்டோ அனுப்பினாள்.

போன் உடனே அடித்தது.

"அக்கா, என்னை அவமானப்படுத்தணும்னே பண்றியா?"

"நடுவுலதானடா வெச்சேன்."

"நடுவுல ஸ்டார் வெச்சவன் கப்பல்ல கேன்டீன் பாத்துக்கறவன். குரூப்புல கேட்டுப் பாரு. நான் என்ன அங்க டீ ஆத்தறவனா?"

குரு எட்டிப் பார்த்தான். "அது உண்மைதான்," என்றான் வருத்தத்தோடு. "கேன்டீன்காரருக்குத்தான் நடுவுல."

ஒரு விஷயத்திலாவது இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்களே என்று நிர்மலா சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம் குரு அடுத்த டம்ளர் காபி கேட்கிற வரைக்கும்தான் இருந்தது.

அடுத்து அவளுக்கு வெல்க்ரோ யோசனை வந்தது. ஸ்கூல் பை தைத்தபோது மிஞ்சிய ஒட்டுப்பட்டை வீட்டில் கிடந்தது. அதைச் சட்டையின் இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தாள். ஸ்டாரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். போட்டோ எடுக்கும்போது ஒரு பக்கம், சாப்பிடும்போது ஒரு பக்கம். அவளுக்கே தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"பிச்சு எடுக்கற மாதிரி ஸ்டாரா?" என்றான் தமிழ்மணி. "வேலைய விட்டுத் தூக்கறப்பத்தான்கா ஸ்டாரப் பிச்சு எடுப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா என்னை சஸ்பெண்ட் பண்றியா?"

குரூப்பிலும் அதே பேச்சு ஓடியது. கடைசிச் சண்டையில் துரோகி சட்டையிலிருந்து கேப்டன் ஸ்டாரைப் பிய்க்கிற காட்சியைப் பத்துப் பேர் பத்துத் தடவை அனுப்பினார்கள். குரு வெல்க்ரோவைத் தடவிப் பார்த்துவிட்டு, "துணி நல்லாத்தான் இருக்குது," என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை நிர்மலா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிற சோஹைலிடம் போனாள். காதுகுத்து ஃபிளெக்ஸில் தம்பி படத்தை நல்ல பெரிதாகப் போட்டால் அவன் மனசு இளகும் என்பது அவள் கணக்கு. தம்பி அனுப்பி வைத்திருந்த போட்டோவில், எங்கேயோ வாங்கிய நீலச்சட்டையில் காகித ஸ்டாரை வலது பக்கம் ஒட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான்.

"சோஹைலு, மாமனும் அப்பாவும் ரெண்டு பேரும் ஒரே அளவுல இருக்கணும். ஒரு இஞ்ச் கூட ஏறக்கொறைய இருக்கக் கூடாது."

"அளந்து வெச்சுடறேங்க்கா. நீங்க கவலையே படாதீங்க."

அளவு கச்சிதமாகத்தான் இருந்தது. சாயங்காலம் கோயில் ரோட்டில் ஃபிளெக்ஸ் ஏறியது. நடுவில் காவியா, ஒரு பக்கம் குரு, மறுபக்கம் தமிழ்மணி. பத்து நிமிஷத்தில் அதன் போட்டோ தமிழ்மணி இருக்கிற நல்லம்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. பதினோராவது நிமிஷத்தில் போன் வந்தது.

"ஊரே பாக்கற மாதிரி என்னை இடது அணியில சேத்துட்டீங்க இல்ல?"

நிர்மலா செருப்பைக் கூட மாட்டாமல் சோஹைல் கடைக்கு ஓடினாள்.

"தம்பி ஸ்டாரு எப்படிப்பா இடது பக்கம் வந்துச்சு?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துட்டு இருந்தாங்க்கா. புள்ளையப் பாக்காம ரோட்டப் பாக்கற மாதிரி இருந்துச்சு. அதான் தமிழ்மணி அண்ணன் படத்த மட்டும் இடவலமாத் திருப்பி விட்டேன். இப்பப் பாருங்க, முகத்துக்கு முகம் பாத்துக்கறாங்க. எல்லா ஃபிளெக்ஸுக்கும் அப்படித்தாங்க்கா பண்ணுவோம்."

அவனைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம். மாமனும் மச்சானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வது அந்த ஃபிளெக்ஸில் மட்டும்தான் நடந்தது.

அன்றைக்கு ராத்திரி நிர்மலா சமைக்கவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். குரு வந்து பக்கத்தில் நின்றான்.

"நிர்மலா."

"எனக்கு என் தம்பி வேணுங்க. உங்க கேப்டன் எந்தப் பக்கம் வேணாலும் குத்திக்கட்டும்."

குரு சுவரில் ஒட்டியிருந்த கேப்டன் ஜோரனைப் பார்த்தான். அவர் இடது பக்கம் ஸ்டாரோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். "சரி. எல்லாச் சட்டையிலயும் வலது பக்கமே வெச்சுடு. நான் குரூப்புல சொல்லிடறேன்."

சொல்லியும் விட்டான். 'நான் பார்த்தது திருட்டுப் பிரிண்ட்டாகவே இருக்கலாம்' என்று அவன் கையாலேயே டைப் அடித்தான். உரக்கடைக்காரன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது. நிர்மலா சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து பதினோரு சட்டையிலும் ஸ்டாரை வலது பக்கம் வைத்துத் தைத்தாள். விரலெல்லாம் ஊசி குத்தின காயம். மத்தியானம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"எல்லாம் வலது பக்கம் வெச்சாச்சுடா. உங்க மாமாவே ஒத்துக்கிட்டாரு."

"அக்கா," என்றான் தமிழ்மணி. "நேத்து பூரா யோசிச்சேன். மாமா சொன்னதுதான் சரி. ஸ்டாரு இடது பக்கம்தான்."

"என்னடா?"

"எனக்காக அவரு கொள்கைய விட்டுக்குடுத்துட்டாரு பாரு, அத நெனச்சா எனக்கு வெக்கமா இருக்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது? நீங்களே ஃபங்ஷன முடிச்சுக்கங்க."

நிர்மலா போனை வைத்தாள், கத்திரியை எடுத்தாள். பதினோரு சட்டையிலிருந்தும் ஸ்டாரை வெட்டி எடுத்தாள். வெல்க்ரோவையும் உரித்தாள். அப்புறம் தம்பி பொண்டாட்டி அன்பரசிக்குப் போன் செய்தாள்.

"அன்பரசி, இனி எவனுக்கும் ஸ்டாரு கெடையாது. நாளைக்கு எட்டு மணிக்கு அவன் கோயில்ல இருக்கணும். எப்படிக் கூட்டிட்டு வருவியோ எனக்குத் தெரியாது."

"வண்டியில பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டியாறேங்க அண்ணி," என்றாள் அன்பரசி. குரலில் ஏதோ சிரிப்பு மாதிரி இருந்தது. நிர்மலா இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முனியப்பன் கோயிலில் பத்து பேர் ஸ்டார் இல்லாத கருநீலச் சட்டையில், தூக்கின காலரோடு வியர்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கிறவர்கள் அவர்களைக் கேஸ் கம்பெனிக்காரர்கள் என்று நினைத்தார்கள். எட்டேகாலுக்கு அன்பரசியின் ஸ்கூட்டி வந்து நின்றது. பின்சீட்டில் தமிழ்மணி. அவனுக்கும் ஒரு கருநீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள்.

குரு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், நமக்குள்ள என்ன இருக்குது."

"காலரு கொஞ்சம் உயரமா இருக்குதுங்களே மாமா," என்றான் தமிழ்மணி. "ரெண்டாம் பாகத்துல இவ்வளவு இருக்காது."

"உக்காரு," என்றாள் நிர்மலா.

"ஜிப்பு கூட குறுக்காலதானே வரணும்?"

"உக்காருடா."

உட்கார்ந்தான். மூன்று வயசுக் காவியா பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து மாமன் மடியில் ஏறிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் நிர்மலாவுக்கு அந்த வாரத்துக் கோபமெல்லாம் கரைந்து கண்ணில் தண்ணீர் வந்தது. குருவும் மூக்கை உறிஞ்சினான். மேளம் உச்சத்துக்குப் போனது. காது குத்துகிற பத்தர் எதிரில் வந்து உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, தங்கக் கம்பியை எடுத்து நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அந்த நுனியைப் பார்த்ததும் தமிழ்மணி கண் செருகி அப்படியே பின்னால் சாய்ந்தான். தலை ஜமக்காளத்தில் மெத்தென்று விழுந்தது.

மேளம் நின்றது. காவியா மட்டும் அசையாமல் அவன் மடியிலேயே உட்கார்ந்து, கீழே கிடந்த மாமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்தரே, நிறுத்துங்க," என்றாள் நிர்மலா.

"எதுக்குங்க நிறுத்தணும்? மடி இருக்குது, அது போதும்," என்றார் பத்தர். "மாமன் முழிச்சிட்டுதான் இருக்கணும்னு யாரும் சொல்லலீங்க." குழந்தை இன்னும் மாமனையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். காவியா ஒரு நிமிஷம் அழுதாள். அப்புறம் மாமனின் காலரைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.

காது குத்தியாகிவிட்டது, அதுவும் தாய்மாமன் மடியிலேயே. நிர்மலா மூச்சு விட்டாள்.

குரு மச்சான் தலையைத் தூக்கிப் பிடித்து முகத்தில் தண்ணீர் தெளித்தான். அவன் கண்களில் நீர் வழிந்தது. "பாத்தியா நிர்மலா. ஸ்டாரு இல்லாத சட்டைய மாட்டிக்கிட்டு உக்கார அவனால தாங்க முடியல. எங்க குரூப்புலயே இவன் ஒருத்தன்தான் உண்மையான ரசிகன்."

அன்பரசி பூஜைத் தட்டால் புருஷனுக்கு விசிறிக்கொண்டே நிர்மலாவின் காதருகில் குனிந்தாள்.

"அண்ணி, காதுகுத்துக்குத் தேதி வெச்ச அன்னிக்குத்தான் இவரு அந்தக் குரூப்புலயே சேந்தாரு. படத்த இன்னும் பாக்கவே இல்லீங்க."