ஏழாம் நம்பர் செடி

ஆம்லெட்டில் நறுக்கிப் போட்டது வெங்காயத்தாள் அல்ல, ஏழாம் நம்பர் செடி என்பது டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தையல்காரருக்குத் தெரிந்தது. அப்போது தட்டில் ஓர் ஓரம் மட்டுமே மிச்சம் இருந்தது. அதையும் வாயில் போட்டுக்கொண்டார். தடயம் இருக்கக் கூடாது அல்லவா?

அவருடைய மனைவி சதுப்பு நிலச் செடிகளை ஆராய்கிறவள். நான்கு வருஷம் முழங்கால் சேற்றில் நின்று பத்துச் செடிகளைச் சேர்த்திருந்தாள். அவற்றின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்து, எது எதற்கு அக்கா, எது எதற்கு ஒன்றுவிட்ட சித்தி என்று வம்சாவளி போட்டுக் கொடுத்தால் டாக்டர் பட்டம். ஆய்வுக்கூடத்து ஃபிரிட்ஜ் திடீரென்று படுத்துவிட்டது. அங்கிருந்த உதவியாளர் பத்து டப்பாக்களையும் எடுத்துக் கொடுக்க, அவள் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

"ஏழாம் நம்பர் ஒரே ஒரு கொத்துதாங்க கிடைச்சுது. அது இருந்த இடத்துல மண்ணடிச்சு ரோடு போட்டாச்சு. அது இல்லேன்னா எனக்குப் பட்டமே இல்லை" என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள்.

தையல்காரர் கிழிசலைக் கண்டால் ஒட்டுப் போட்டே பழகியவர். பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்த மீன்தொட்டி அவருக்கு ஞாபகம் வந்தது. இல்லாத பல்வலியோடு அங்கே போய், தொட்டியிலிருந்து ஒரு கொத்துப் பச்சையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுவதற்குள் டாக்டர் உள்ளே கூப்பிட்டுவிட்டார். சும்மா வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல பல் ஒன்று போயிற்று. பச்சை மட்டும் பத்திரமாக ஏழாம் நம்பர் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது.

இரண்டு வாரத்தில் பரிசோதனை முடிவு வந்தது. ஏழாம் நம்பர் மற்ற ஒன்பதில் எதற்கும் அத்தையும் இல்லை, சித்தியும் இல்லை. வழி கேட்க வாசலில் நின்றவர் அளவுக்குக்கூட ஒட்டவில்லை.

"பேசாம அந்த ஏழைத் தூக்கிப் போட்டுடேன். ஒன்பது போதாதா?" என்றார், கன்னத்தைத் தடவிக்கொண்டே.

"நீங்க வேற. இதுதாங்க பெரிய விஷயமே. இது தனி வம்சம்" என்று அவள் பேராசிரியரிடம் ஓடினாள். பேராசிரியர் பெரிய கூட்டத்துக்கே ஏற்பாடு செய்து, வெளியூர் நிபுணர்களையும் அழைத்துவிட்டார். கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய உடையை மனைவி பாட்டு முணுமுணுத்தபடி இஸ்திரி போடுவதைப் பார்த்ததும் தையல்காரருக்குத் தாங்கவில்லை. நேரே அவளையும் அழைத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போய், ஆம்லெட்டில் ஆரம்பித்து மீன்தொட்டி வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டார்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. உட்கார்ந்து அழுதாள். இந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட அவரிடம் ஒன்றும் இல்லை.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"தம்பி, அந்தச் செடிக்கு இனிமே உலகத்துல நீங்க ஒருத்தர்தான் சாட்சி. ருசி எப்படி இருந்துச்சுன்னாவது சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்."

தையல்காரர் கண்ணை மூடி யோசித்துச் சொன்னார். லேசான உப்பு, இளசான தண்டு, மென்று முடித்ததும் தொண்டையில் நிற்கும் ஒரு தனி மணம். அந்த மாதிரி மணம் எந்தக் கீரையிலும் கண்டதில்லை என்று அடித்துச் சொன்னார். பேராசிரியர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். மனைவிகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அப்போது உதவியாளர் தலையைச் சொறிந்துகொண்டே தூசி படிந்த ஒரு டப்பாவோடு உள்ளே வந்தார்.

"அம்மா, மெக்கானிக் ஃபிரிட்ஜை நகர்த்தினாரு, உங்க அசல் ஏழாம் நம்பர் பின்னாடி விழுந்து கிடந்துச்சு. காய்ஞ்சிருக்கு, ஆனா அப்படியே இருக்கு. கோவிச்சுக்காதீங்க, அன்னிக்கு ஒண்ணு குறையுதேன்னு பயந்துபோய், நான்தான் கழிப்பறைக்குப் பின்னாடி சாக்கடையில ஒரு கொத்துப் பறிச்சு, வேற டப்பாவுல போட்டு, ஏழுன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."