காலியிடம் அண்ணன் போட்ட காதுகுத்து பேனர்

வந்த வாடிக்கையாளரை எல்லாம் விரட்டியடித்தும் திண்டுக்கல்லில் கடை நடத்திய ஒரே மனிதர் காலியிடம் அண்ணன்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் கடை. சொந்தப் பெயர் என்னவோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.

நம் ஊர் விசேஷ பேனர் தெரியுமே! பெரியப்பா முதல் கைக்குழந்தை வரை கூலிங்கிளாசோடு நிற்க வேண்டும். ஒரு விரற்கடை இடமிருந்தால் அதிலும் ஒன்றுவிட்ட மாமாவைச் செருகச் சொல்வார்கள். காலியிடம் விடாவிட்டால் அண்ணனுக்கு ரத்தம் கொதிக்கும்; பட்டப்பெயரே அப்படி வந்ததுதான்.

"பாக்குறவன் கண்ணு செத்த நேரம் உக்கார எடம் வேணாமாப்பு? அம்புட்டு மூஞ்சியையும் அடைச்சா அது பேனரா, டவுன் பஸ்ஸா?"

சிவப்பில் பச்சை எழுத்துக் கேட்ட கல்யாண மாப்பிள்ளையிடம், "ரெண்டு கலரும் ஒண்ணை ஒண்ணு முறைக்கும். தாலி கட்டுறதுக்கு முன்னாடியே எதுக்கு?" என்று எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிட்டார். கண்ணீர் அஞ்சலி பேனரென்று நினைத்து, பாதி உறவுக்காரர்கள் மண்டப வாசலில் செருப்போடு திகைத்து நின்றார்கள்.

பூட்டுக்கடைக்காரர் ஒருவர் போர்டு கேட்டார். "பூட்டைப் பூட்டாவே வரைய நான் எதுக்கு? சாரத்தை மட்டும் எடுப்போம்" என்று வெள்ளைப் பலகையில் கறுப்பாகச் சாவித்துவாரம் மட்டும் போட்டார். மேலே உருண்டையாக வட்டம், கீழே அகலமாக உடம்பு. மறுநாள் பஸ்ஸில் இறங்கியவர்கள் எல்லாம் அவசர அவசரமாக அந்தக் கடைக்குள் நுழைந்து, "ஆம்பளைங்களுக்கு எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார்கள். கடைக்காரர் அண்ணனைத் தேடி வந்தபோது கடையில் இருந்ததிலேயே பெரிய பூட்டு அவர் கையில் இருந்தது.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் ஏன் போனேன்? விதி! என் மகளுக்குக் காதுகுத்து. என் மனைவிக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவருக்கு ஊர் சாணார்பட்டி, சின்னவருக்கு அகரம். கிணற்றுப் பங்குத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காயிற்று. பேனரில் யார் முகம் சின்னதாக வந்தாலும் அவர் வரமாட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் காது குத்துவது? என் மனைவி அழுத அழுகையில் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

காலியிடம் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூஞ்சியே வேணாம். ரெண்டு பேரு கையையும் போட்டோ எடுத்துக் குடு" என்றார்.

விசேஷத்தன்று பார்த்தால், பரந்த மஞ்சளில் நடுவே குட்டியாக என் மகள். இடமும் வலமும் அவளைத் தாங்கும் இரண்டு கைகள். அவ்வளவுதான். மீதியெல்லாம் வெறும் மஞ்சள். "மைத்துனர்கள் என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கப் போகிறார்கள்" என்று நினைத்தேன்.

பெரியவர் காற்றைப் பார்த்துச் சொன்னார்: "வலப்பக்கம் இருக்குறது என் கை."

சின்னவர் பொறுக்கவில்லை. "அது என்னுது! மம்பட்டி பிடிச்சுக் காப்புக் காய்ச்சது தெரியுதுல்ல?"

"எனக்குக் காப்பு இல்லையாக்கும்? ஏலே, உன் கையைக் காட்டுறா."

இரண்டு கைகளையும் பேனருக்கு நேரே சேர்த்துப் பிடித்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. பெரியவர் தம்பி கையை விடவில்லை. "நம்ம அப்பா கை மாதிரியே இருக்குடா."

அதற்குள் காலியிடம் அண்ணன் வந்துவிட்டார். யாருடைய கை எதுவென்று கேட்டோம்.

"யாருதோ ஒண்ணுதான். அதையே திருப்பி அந்தப் பக்கமும் போட்டேன். வேற வேற கை போட்டா சமநிலை வரலை."

மண்டபமே சிரித்தது. மைத்துனர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு காது பெரியவர் மடியில், மறு காது சின்னவர் மடியில் குத்தினோம்.

குடும்ப போட்டோவில் வரமாட்டேன் என்று ஓடிய காலியிடம் அண்ணனை, மைத்துனர்கள்தான் இழுத்து வந்து நடுவில் நிறுத்தினார்கள். ஆல்பம் பார்க்கிறவர்கள், "இது யாரு?" என்று இப்போதும் கேட்கிறார்கள்.

"இவரா? எங்க மூணாவது அண்ணன்" என்கிறாள் என் மனைவி.